பூதமாக நடித்த கூலித்தொழிலாளி

தட்டையான மண்டை. நெற்றியில் தையல் போட்ட வடு. கழுத்தின் இரண்டு பக்கமும் இரும்பு முளை. பாதி மூடிய கண்கள். கை நீளம் போதாத கறுப்புக் கோட்டு.

இந்த உருவத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். படம் பார்க்காத பையனுக்குக்கூட இது தெரியும். பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். பெயர் என்ன என்று கேட்டால் பிராங்கன்ஸ்டைன் என்பான். ஆனால் பிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தை உண்டாக்கிய விஞ்ஞானியின் பெயர். பூதத்துக்குப் பெயரே கிடையாது.

பூதத்தின் உள்ளே இருந்த மனிதருக்கோ இரண்டு பெயர்கள். வில்லியம் ஹென்றி பிராட் என்பது பெற்றோர் வைத்தது. போரிஸ் கார்லாப் என்பது பிழைக்கப் போன இடத்தில் அவராக வைத்துக் கொண்டது. ஊரில் ஒரு பெயரும் வேலை செய்யும் இடத்தில் ஒரு பெயருமாக வாழ்கிறவர்கள் நம்மிலும் உண்டு. அவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பேய்ப் படம் என்றால் எனக்குச் சின்ன வயதில் இருந்தே பைத்தியம். நம்மூர்ப் படங்களில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வரும் பேய்களையும் பார்த்திருக்கிறேன். ஆங்கிலப் படங்களில் ரத்தம் குடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எத்தனை பேய் வந்து போனாலும், 1931-ல் வெளியான கறுப்பு வெள்ளைப் பூதம் போல ஒன்று மனதில் நிற்பதில்லை. அதற்குக் காரணம் மேக்கப் என்று பலர் சொல்வார்கள். மேக்கப் ஒரு காரணம்தான். அந்த மனிதர் அதற்கு முன்பு 22 ஆண்டுகள் என்ன வேலை பார்த்தார் என்பது பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

சூரத்தில் நடந்த திருமணம்

கார்லாப் கதை லண்டனில் தொடங்குவதாகப் புத்தகங்களில் எழுதுவார்கள். மும்பையில் இருந்து பார்த்தால் அது நம் பக்கத்திலேயே தொடங்குகிறது.

அவருடைய தகப்பனார் எட்வர்ட் ஜான் பிராட், வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்திய உப்பு வரி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். எந்த உப்பு வரியை எதிர்த்து 1930-ல் காந்தி தண்டிக் கடற்கரைக்கு நடந்தாரோ, அதே உப்பு வரிதான். தாயார் எலிசா சாரா மில்லார்ட். இருவருக்கும் 1864-ம் ஆண்டு சூரத் நகரில் திருமணம் நடந்தது. மும்பை சென்டிரலில் வண்டி ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் அதே சூரத்.

தகப்பனார் வழியிலும், தாயார் வழியிலும் இந்திய ரத்தம் கலந்திருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் அதை வெளியே சொல்லிக் கொள்வதில்லை. தாயாருக்குச் சித்தி முறை ஆன அன்னா லியோனோவென்ஸ் என்ற பெண்மணி அதற்கு நல்ல உதாரணம். அவர் 1831-ல் அகமத்நகரில் பிறந்தவர். (அந்த ஊருக்கு 2024-ல் அகில்யாநகர் என்று பெயர் மாற்றினார்கள்.) ஆனால் தான் வேல்ஸ் நாட்டில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டே வாழ்ந்து முடித்தார். சயாம் நாட்டு அரண்மனையில் ராஜாவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆங்கிலேய ஆசிரியை இவர்தான். 1956-ல் யூல் பிரின்னர் ராஜாவாக நடித்து வந்த படம் இவருடைய கதைதான்.

பிராட் தம்பதிக்கு இங்கிலாந்தில் 1887-ம் ஆண்டு நவம்பர் 23-ந்தேதி ஒரு மகன் பிறந்தான். வில்லியம் ஹென்றி. 9 குழந்தைகளில் கடைக்குட்டி. தாயார் சீக்கிரமே இறந்து போனார். மூத்தவர்களே அவனை வளர்த்தார்கள். பையனுக்கு வளைந்த கால். திக்குவாய். ‘ச’ என்ற ஒலி நாக்கில் சரியாக வராது. நிறமும் பக்கத்து வீட்டுப் பையன்களை விடக் கொஞ்சம் மங்கல். திக்குவாயைப் பழகிப் பழகிச் சரி செய்து கொண்டான். ‘ச’ மட்டும் கடைசிவரை வசப்படவில்லை. அவருடைய படங்களில் கவனித்துக் கேட்டால் இப்போதும் தெரியும்.

அண்ணன்மார்கள் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார்கள். ஓர் அண்ணன் சீனாவில் தூதரக அதிகாரியாக இருந்து ‘சர்’ பட்டமும் வாங்கினார். தம்பியும் அதே வழியில் போக வேண்டும் என்று லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்த்தார்கள். அவனுக்கோ நாடகத்தில்தான் மனம். படிப்பை முடிக்காமல் 1909-ல் கனடாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். வயது 21.

மூட்டை தூக்கிய காலம்

கனடாவில் முதல் வேலை பண்ணையில் கூலி. பிறகு கிடைத்த வேலை எல்லாம். மண் வெட்டினார். பள்ளம் தோண்டினார். நாடகக் கம்பெனி ஒன்றில் இடம் கிடைத்தபோதுதான் போரிஸ் கார்லாப் என்று பெயரை மாற்றிக் கொண்டார். கார்லாப் என்பது தாய்வழிக் குடும்பப் பெயர் என்று சொல்லி வந்தார். ஆனால் குடும்பத்தில் அப்படி ஒரு பெயர் இருந்ததாக அவருடைய மகளுக்கே தெரியாது. வீட்டாருக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது என்பதற்காக மாற்றினார் என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள். கூத்தாடியாகப் போய்விட்டான் என்ற பேச்சு நம் ஊரில் மட்டும் உள்ளது அல்ல.

1912-ம் ஆண்டு ஜூன் 30-ந்தேதி கனடாவின் ரெஜினா நகரைச் சூறாவளி சின்னாபின்னப்படுத்தியது. நாடகக் கம்பெனி அப்போது அந்த நகரில்தான் இருந்தது. பிழைப்புப் போயிற்று. கார்லாப் ரெயில் நிலையத்தில் பயணிகளின் மூட்டை முடிச்சுகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். 

அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இது ஒரே ஒரு வரியாகத்தான் வருகிறது. பார்சல் ஆபீசில் உட்கார்ந்து ரசீது போடுகிறவனுக்கு அது ஒரு வரி அல்ல. காலையில் நிமிர்ந்து வந்த ஆள், இரவு வண்டி போன பிறகு எப்படி நடப்பான் என்பதைத் தினமும் பார்க்கிறோம். கை தொங்கும். முழங்கால் மடங்காது. கழுத்து முன்னால் வந்துவிடும். பூதத்தின் நடையை இன்னொரு தடவை பாருங்கள்.

பிறகு அமெரிக்காவுக்குள் போனார். வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் மைனாட் என்ற ஊரில், இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் இருந்த கொட்டகையில் ஓர் ஆண்டு நாடகம் போட்டார்கள். முதல் உலகப் போர் முடியும் சமயத்தில் ஹாலிவுட் வந்து சேர்ந்தார். அது பேசாத படக் காலம். அவருடைய நிறத்தையும் முகவெட்டையும் பார்த்து அரபுக்காரன், மெக்சிகோக்காரன், செவ்விந்தியன், இந்தியன் என்று சின்னச் சின்ன வேடம் கொடுத்தார்கள். பெரும்பாலும் வில்லன், அல்லது வில்லனின் கையாள். எந்த நிறத்தை அவர் குடும்பம் மறைக்கப் பார்த்ததோ, அதுதான் அவருக்குச் சோறு போட்டது.

அந்தச் சோறும் போதவில்லை. படம் இல்லாத நாட்களில் கட்டிடச் சாமான் ஏற்றும் லாரி ஓட்டினார். சுண்ணாம்புக் காரையும் சிமெண்டும் ஏற்றி இறக்கினார். முதுகு போனது அப்போதுதான். சாகும்வரை அந்த வலி அவரை விடவில்லை. ஏறத்தாழ 80 படங்களில் தலைகாட்டிய பிறகும் வாடகை கொடுப்பது கஷ்டமாகவே இருந்தது. வயது 43 ஆகிவிட்டது.

பூதம் பிறந்தது

1931-ல் யுனிவர்சல் கம்பெனி டிராகுலா படத்தை எடுத்துப் பெரிய வெற்றி பெற்றது. அதில் நடித்த பேலா லுகோசியே அடுத்த படமான பிராங்கன்ஸ்டைனிலும் பூதமாக நடிப்பார் என்று விளம்பரம்கூடச் செய்தார்கள். முகம் தெரியாத மேக்கப், வாயில் வசனமே இல்லாத வேடம் என்பது லுகோசிக்குப் பிடிக்கவில்லை. டைரக்டர் ஜேம்ஸ் வேல், ஸ்டூடியோ கேண்டீனில் சாப்பிட்டுக் கொண்டிருந்த கார்லாப்பின் எலும்பு துருத்திய முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

மேக்கப் கலைஞர் ஜேக் பியர்ஸ். தினமும் 4 மணி நேரம். பஞ்சும் பசையும் வைத்து அடுக்கடுக்காக மண்டையைக் கட்டுவார். கலைப்பதற்கும் தனியாக மணிக்கணக்கில் ஆகும். கார்லாப் தன் பங்குக்கு இரண்டு யோசனைகள் சொன்னார். கண் ரொம்பத் தெளிவாக இருக்கிறது, செத்துப் பிழைத்தவன் கண் இப்படி இருக்காது என்று சொல்லி, இமை மீது மெழுகு வைக்கச் செய்தார். கட்டுப் பல்லைக் கழற்றிவிட்டார். ஒரு பக்கக் கன்னம் உள்ளே போயிற்று. காலில் மாட்டிய பூட்ஸ், தார் ரோடு போடும் தொழிலாளிகள் அணியும் மாதிரியானது. ஒவ்வொன்றும் 5 கிலோவுக்குக் குறையாது.

படப்பிடிப்பு ஆகஸ்டு மாதக் கடைசியில் ஆரம்பித்தது. கலிபோர்னியா வெயில். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த உடை. ஒரு தடவை அவரைத் தொடர்ந்து 25 மணி நேரம் வேலை வாங்கினார்கள். டபுள் டூட்டி பார்த்தவர்களுக்கு 16 மணி நேரம் என்றால் என்ன என்று தெரியும். இது அதையும் தாண்டி 9 மணி நேரம். முதுகு கெட்டுப்போன மனிதர், விஞ்ஞானியாக நடித்த காலின் கிளைவை இரவில் மலைச் சரிவில் தூக்கிக்கொண்டு காற்றாலைக்கு ஏற வேண்டிய காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஆளுக்குப் பதில் பொம்மையை வைக்கவில்லை. கேட்டுக் கொள்வதற்கு ஒரு சங்கமும் கிடையாது.

ஏரிக்கரைக் காட்சி ஒன்று உண்டு. சின்னப் பெண் ஒருத்தி பூதத்தைக் கண்டு பயப்படாமல், கையில் பூவைக் கொடுத்துத் தண்ணீரில் போட்டு மிதக்கவிட்டு விளையாடுகிறாள். பூ தீர்ந்து போகிறது. பூதம் அந்தப் பெண்ணையும் பூ மாதிரி மிதப்பாள் என்று நினைத்துத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடுகிறது. அவள் மூழ்கிப் போகிறாள். பூதம் திகைத்து ஓடுகிறது. குழந்தையை வீசக் கூடாது, மெதுவாக இறக்கிவிட வேண்டும் என்று கார்லாப் வாதாடினார். டைரக்டர் கேட்கவில்லை. தணிக்கையில் வெட்டப்பட்டு, 1980-களில்தான் அந்தத் துண்டு மறுபடி படத்தில் சேர்ந்தது. நான் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் பயம் வருவதில்லை. தெரியாத ஊரில், தெரியாத பாஷையில், நல்லது என்று நினைத்து ஒன்றைச் செய்துவிட்டு ஊரே அடிக்க வரும்போது ஓடுகிறவனைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. அந்த வேடத்தில் நடித்த 7 வயதுச் சிறுமி, ஏரிக்குப் போகும்போது மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கி நிற்க, பூத வேடத்தில் இருந்த கார்லாப்பின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் காரிலேயே போனாள் என்று சொல்வார்கள்.

கதையை எழுதிய மேரி ஷெல்லி, அதை எழுதத் தொடங்கியபோது 18 வயதுப் பெண். 1818-ல் புத்தகம் வந்தது. முதல் பதிப்பில் அவர் பெயரே இல்லை. படம் பார்த்துவிட்டு நாவலை எடுப்பவர்கள் திடுக்கிடுவார்கள். நாவலில் பூதம் பேசும். சும்மா பேசாது, வக்கீல் மாதிரி பேசும். ஒளிந்திருந்து பாஷை கற்றுக்கொண்டு, புத்தகம் படித்து, தன்னைப் படைத்தவனிடம் நியாயம் கேட்கும். படத்தில் அந்தப் பேச்சு அத்தனையும் எடுத்தாயிற்று. மிஞ்சியது ஒரு முனகலும் இரண்டு கைகளும். கூரையைத் திறந்து முதன்முதலாக வெளிச்சத்தைக் காட்டும்போது, பூதம் அதைப் பிடிக்கக் கையை நீட்டும். பக்கம் பக்கமாக நாவலில் இருப்பது அந்த ஒரு கை நீட்டலில் வந்துவிடுகிறது. நாவலைவிடப் படம் உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு இடத்தில் சமம்.

படம் 1931 நவம்பரில் வெளிவந்தது. ஆரம்பத்தில் நடிகர் பட்டியலில் பூதத்துக்கு நேரே பெயர் இல்லை. கேள்விக்குறி மட்டும்தான். ரசிகர்களைத் திகைக்க வைக்கும் தந்திரம் அது. முதல் காட்சி விழாவுக்கு அவரை அழைக்கவும் இல்லை. ஆனால் ஊர் பேசியது அவரைப் பற்றித்தான். அடுத்த ஆண்டே விளம்பரங்களில் முதல் பெயரைக்கூட விட்டுவிட்டு, கார்லாப் என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டார்கள். 1932-ல் மம்மி படத்துக்காக 8 மணி நேரம் உட்கார்ந்து கட்டுத் துணி சுற்றிக் கொண்டார். அந்தக் கோலத்தில் அவர் திரையில் வருவது சில நிமிடங்கள்தான்.

சங்கத்தில் 9-வது உறுப்பினர்

அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி இருந்த காலம் அது. 1933 மார்ச்சில் பாங்குகள் மூடப்பட்டபோது, ஸ்டூடியோ முதலாளிகள் எல்லோருடைய சம்பளத்தையும் 8 வாரத்துக்குப் பாதியாக வெட்டினார்கள். வேலைக்கு மணிக் கணக்கு கிடையாது. சாப்பாட்டு நேரம் என்று ஒன்று உறுதி கிடையாது.

அந்த ஆண்டுக் கோடையில் ஒரு சில நடிகர்கள் கூடித் திரைப்பட நடிகர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் கார்லாப் ஒருவர். அவருடைய உறுப்பினர் எண் 9. புகழ் வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம். முதலாளிகள் முகம் சுளித்தால் மறுபடி லாரிதான். பெரிய நட்சத்திரங்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்த அந்த நேரத்தில் அவர் பெயரைக் கொடுத்தார். படப்பிடிப்பு நடக்கும் இடங்களிலேயே மற்ற நடிகர்களிடம் பேசிச் சங்கத்தில் சேர்த்தார். பல ஆண்டுகள் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். 1937-ல் முதலாளிகள் இறங்கி வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டத்தில் நிற்கும் எக்ஸ்ட்ராவுக்கும் குறைந்தபட்சக் கூலி நிச்சயம் ஆனது.

கார்லாப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதை ஓரமாக எழுதிவிட்டுப் படப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். அந்த 25 மணி நேரம் வீணாகப் போகவில்லை என்பது இங்கேதான் தெரிகிறது.

அதே 1933-ல் ஒரு படத்துக்காக இங்கிலாந்து போனார். 24 ஆண்டுகளுக்குப் பிறகு சொந்த ஊர். அண்ணன்கள் உத்தியோகத்தில் உயர்ந்தவர்கள். தம்பி பூதமாக நடித்து ஊரைப் பயமுறுத்துகிறவன். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவருக்கு நடுக்கம். பத்திரிகைக்காரர்கள் போட்டோ எடுக்க அண்ணன்களும் வந்து நிற்பார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர்களோ யார் எந்தப் பக்கம் நிற்பது என்று முந்திக்கொண்டார்கள். அவருடைய வாழ்க்கையிலேயே சந்தோஷமான தருணங்களில் ஒன்று அது என்று பின்னாளில் சொல்லி வந்தார்.

கடைசி நாட்கள்

1935-ல் இரண்டாவது பிராங்கன்ஸ்டைன் படத்தில் பூதத்தைப் பேச வைத்தார்கள். கார்லாப் அதை எதிர்த்தார். படம் நன்றாகவே ஓடியது. என்னைக் கேட்டால், கண் தெரியாத கிழவர் பூதத்தை வீட்டுக்குள் அழைத்து ரொட்டி கொடுக்கும் காட்சிக்காக அந்தப் பேச்சை மன்னிக்கலாம். 1939-ல் மூன்றாவது படம். அதோடு முழுநீளப் படத்தில் அந்த வேடத்தைப் போடுவதில்லை என்று விட்டுவிட்டார். அந்தப் படப்பிடிப்பு நடந்தபோது, 1938 நவம்பர் 23-ந்தேதி, அவருடைய பிறந்த நாளிலேயே மகள் பிறந்தாள்.

1941-ல் நியூயார்க்கில் ஒரு நகைச்சுவை நாடகத்தில் கொலைகாரனாக நடித்தார். பார்க்க போரிஸ் கார்லாப் மாதிரி இருக்கிறாய் என்று யாராவது சொன்னால் அந்தப் பாத்திரத்துக்குக் கோபம் வந்துவிடும். அந்த வசனத்தை நிஜக் கார்லாப்பை வைத்தே பேசியபோது கொட்டகை குலுங்கியது. அந்த நாடகம் 1,444 தடவை நடந்தது.

திரையில் அவர் எவ்வளவு பயங்கரமோ, வீட்டில் அவ்வளவு சாது. தோட்டம் போடுவார். ஹாலிவுட்டில் இருந்த ஆங்கிலேயர்கள் சேர்ந்து நடத்திய கிரிக்கெட் கிளப்பில் ஆடுவார். பல திருமணங்கள் செய்தார். 1946-ல் நடந்தது நிலைத்தது. ஆண்டுகள் பல அமெரிக்காவில் உழைத்தும் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கவில்லை. பெயரையும் சட்டப்படி மாற்றவில்லை. பத்திரங்களில் கடைசிவரை வில்லியம் ஹென்றி பிராட்தான்.

1959-ல் இங்கிலாந்துக்கே திரும்பி வந்து குடியேறினார். ஆனால் வேலையை விடவில்லை. காலில் இரும்புப் பட்டை. நுரையீரல் பழுதாகி மூச்சு வாங்கும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஆக்சிஜன் பிடித்துக் கொள்வார். கேமரா ஓடும்போது மட்டும் எழுந்து நிற்பார். 1966-ல் குழந்தைகளுக்கான கார்ட்டூன் படம் ஒன்றுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். அதன் இசைத்தட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. பூத வேடத்துக்கு எந்தப் பெரிய விருதும் வந்ததில்லை.

1967 கடைசியில், தயாரிப்பாளர் ஒருவருக்கு அவர் 2 நாள் கால்ஷீட் பாக்கி வைத்திருந்தார். அதை வைத்து பீட்டர் போக்டானோவிச் என்ற இளைஞர் டார்கெட்ஸ் என்ற படத்தை எடுத்தார். அதில் கார்லாப், வயதாகி ஓய்வு பெற நினைக்கும் ஒரு பேய்ப் பட நடிகர். பேப்பரைத் திறந்தால் துப்பாக்கிக்காரன் கண்டவரைச் சுட்டான் என்று செய்தி வருகிறது, இதில் என் பூதம் யாரைப் பயமுறுத்தப் போகிறது என்று அந்த நடிகர் அலுத்துக் கொள்வார். அவர் உண்மையாகவே அலுத்துக் கொள்கிறார் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பேய்ப் படம் பிடிக்காதவர்களும் அவர் படங்களில் ஒன்றைப் பார்க்க விரும்பினால் இதைப் பார்க்கலாம்.

1969-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந்தேதி, இங்கிலாந்தில் மிட்ஹர்ஸ்ட் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 81. லண்டன் கோவென்ட் கார்டன் பகுதியில் நடிகர்களின் மாதா கோவில் என்று சொல்லப்படும் செயின்ட் பால் ஆலயச் சுவரில் அவர் பெயர் பொறித்த பலகை இருக்கிறது. இறப்பதற்கு முந்திய ஆண்டு, மெக்சிகோ கம்பெனி ஒன்றுக்காக வரிசையாக 4 படங்களுக்கு அவர் காட்சிகளை முடித்துக் கொடுத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடித்தவை பல. அந்தப் படங்கள் அவர் இறந்த பிறகு ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தன.